கொண்டைக்கடலையில் எருவும் உரமும்: செடி காட்டும் குறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

உடுமலை, குடிமங்கலம், பெதப்பம்பட்டி வட்டாரக் கரிசல் காடுகளில் ஐப்பசி மழைக்குப் பின் கொண்டைக்கடலை விதைப்பார்கள். மண்ணில் தங்கிய ஈரமும் மார்கழிப் பனியுமே மானாவாரிக் கடலையை விளைய வைக்கின்றன. தண்ணீர் குறைவு, செலவு குறைவு, 90 நாளில் காசு. இத்தனை நல்ல பயிரில் பலருக்கும் கையில் நிற்பது சொற்பம்தான். செடி மஞ்சளானால் கடைக்குப் போய் ஒரு மூட்டை யூரியா, பூ உதிர்ந்தால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஒரு பாட்டில் என்று பணம் போய்விடுகிறது. எருவும் ரசாயன உரமும் கலந்து இடுவதுதான் சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கலந்து இடுபவர்களின் வயலிலும் குறைகள் வருகின்றன. காரணம் பெரும்பாலும் மொத்த அளவில் இருப்பதில்லை. எது முந்தி, எது பிந்தி, எது வேருக்குப் பக்கத்தில், எது தள்ளி என்பதில்தான் இருக்கிறது.

எனவே குறியிலிருந்து தொடங்குவோம். உங்கள் வயலில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

முதலாவது, அடிப்படை அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டருக்கு 12.5 டன் தொழு உரம். அதாவது ஏக்கருக்கு 5 டன். அதனுடன் மானாவாரிக்கு எக்டருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 12.5, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 25, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 12.5, கந்தகம் 10 கிலோ. பாசனம் உள்ள இறவைக்கு இதில் இரு மடங்கு. ஏக்கர் கணக்கில் மானாவாரிக்கு 5 : 10 : 5 : 4, இறவைக்கு 10 : 20 : 10 : 8. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு அட்டை சொல்வதே முதலில். இது அட்டை இல்லாதவர்களுக்கு.

இரண்டாவது, செடியைத் தோண்டிப் பார்க்கும் முறை. கீழே வரும் முக்கால்வாசிக் குறிகளுக்கு விடை வேரில்தான் இருக்கிறது. விதைத்து 30 முதல் 40 நாளுக்குள், வயலின் வெவ்வேறு இடங்களில் ஐந்தாறு செடிகளை எடுங்கள். கையால் பிடுங்கக் கூடாது. கரிசல் மண்ணில் பிடுங்கினால் ஆணிவேர் மட்டும் உருவிக்கொண்டு வரும். பக்கவேரும் அதிலுள்ள வேர்முடிச்சும் மண்ணிலேயே தங்கிவிடும். பிறகு "முடிச்சே இல்லை" என்று தவறாக முடிவு கட்டுவோம். செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். மண் தானாகக் கரைந்து இறங்கிய பின், வேரை மெதுவாக அலசிப் பாருங்கள். ஒரு பிளேடும் கையில் இருக்கட்டும்.

முளைப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது. வரிசையில் இடைவெளி விழுந்திருக்கிறது

விதையின் தரமும் ஈரமும் சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது உரம் விழுந்த இடம். தழையும் மணியும் கலந்த டி.ஏ.பி. உரத்தையோ யூரியாவையோ விதையோடு கலந்து ஒரே சாலில் விட்டால், ஈரம் குறைந்த மண்ணில் உரத்தின் உப்பு விதைக்குச் சேர வேண்டிய தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முளைக்காத இடத்தைக் கிளறுங்கள். விதை ஊதாமல் கடினமாகவோ, முளைக்குருத்து பழுப்பேறிக் கருகியோ இருந்தால் இதுதான் காரணம். உரம் விதைக்குப் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை தள்ளியும் சற்று ஆழமாகவும் விழ வேண்டும். உரமும் விதையும் தனித்தனிக் குழாயில் இறங்கும் விதைப்புக் கருவி இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அடியுரத்தைக் கடைசி உழவில் இட்டுவிடுங்கள். இடைவெளி விழுந்த இடங்களில் ஒரு வாரத்துக்குள் மறுவிதை போட்டால் பயிர் சேர்ந்து வரும். அதற்குப் பின் போட்ட விதை, முந்திய செடிகளின் நிழலில் நோஞ்சானாகவே நிற்கும்.

இரண்டு மூன்று வார நாற்று கழுத்தில் அழுகிச் சாய்கிறது

சாய்ந்த செடியை எடுத்து, மண்மட்டத்தில் தண்டைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போன்ற இழையும், அதில் கடுகு அளவில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ உருண்டைகளும் இருந்தால் அது கழுத்தழுகல். இந்தப் பூஞ்சாணம் மக்காத பொருளைத் தின்று பெருகுகிறது. சுற்றிலும் மண்ணைக் கிளறினால் அரைகுறையாக மக்கிய சாணக் கட்டியோ, முந்தைய மக்காச்சோளத்தின் தட்டைத் துண்டோ பெரும்பாலும் அகப்படும்.

"எரு போட்டேன், நோய் வந்துவிட்டது" என்று சிலர் எருவையே வெறுத்துவிடுகிறார்கள். குறை எருவில் இல்லை, அதன் பருவத்தில். மக்கிய எருவைக் கையில் அள்ளினால் சூடு இருக்காது. சாண வாடை போய் மண்வாசம் வரும். வைக்கோல் எது, சாணம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் பொலபொலவென உதிரும். குப்பை மேட்டுக்குள் கையை நுழைத்தால் இளஞ்சூடு தட்டுகிறதா? அந்த எருவை இந்தப் பருவத்தில் கடலைக்கு அடிக்காதீர்கள். அது கறையானையும் கூடவே அழைத்து வரும்.

இப்போது செய்ய வேண்டியது: சாய்ந்த செடிகளைப் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். இறவையாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி மேல்மண்ணைக் காயவிடுங்கள். நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சாணமான டிரைகோடெர்மா ஒரு கிலோவை 20 கிலோ நன்கு மக்கிய எருவில் கலந்து செடியோரம் தூவுங்கள். அடுத்த பருவத்துக்கு விதை நேர்த்தியிலேயே, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா. எருவை விதைப்புக்கு முந்தைய உழவுகளில் சேர்த்து மண்ணோடு கலந்துவிடுங்கள்.

செடி முழுதும் வெளிறி நிற்கிறது. அடி இலைகள் முதலில் மஞ்சளாகின்றன

அதிகமானோர் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அடி இலை முதலில் மஞ்சளாவது தழைச்சத்துக் குறையின் அடையாளம். கடலைக்குத் தழைச்சத்தைத் தர வேண்டியது காற்று. அதைப் பிடித்துக் கொடுப்பது வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர். ஆகவே "யூரியா போடலாமா" என்பதற்கு முன்னால் "முடிச்சு ஏன் வேலை செய்யவில்லை" என்று கேட்க வேண்டும். அலசிய வேரைக் கையில் பிடித்துப் பாருங்கள். கொண்டைக்கடலையின் முடிச்சு உருண்டை மணியாக இருக்காது. கிளைவிட்டு, விசிறியாகவோ பவழத்தின் கிளை போலவோ விரிந்திருக்கும். ஒன்றைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள்.

உள்ளே இளஞ்சிவப்பு அல்லது ரத்தச் சிவப்பு இருந்தால் முடிச்சு முழு வேலையில் இருக்கிறது. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருவது எதுவோ அதன் உறவுக்காரப் பொருள்தான் அங்கும் இருக்கிறது. உள்ளே நுழையும் ஆக்சிஜனை அளவோடு வைத்திருப்பது அதன் வேலை. அப்படிச் சிவந்த முடிச்சு நிறைய இருந்தும் செடி மஞ்சளாக இருந்தால் தழைச்சத்து காரணமே இல்லை. அடுத்த தலைப்புகளுக்குப் போங்கள். யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

முடிச்சு இருக்கிறது, உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. மிக இளம் செடியானால் இன்னும் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். 40 நாளாகியும் வெள்ளை என்றால், மண்ணில் உள்ள உதவாத ரைசோபியம் வேரைப் பிடித்திருக்கிறது, அல்லது மணிச்சத்தும் மாலிப்டினமும் போதவில்லை. முடிச்சு பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. பூப்பதற்கு முன்பே அப்படி ஆனால் செடி கடும் வறட்சியிலோ தேங்கிய தண்ணீரிலோ சிக்கியிருக்கிறது.

முடிச்சே இல்லை என்றால், விதைத்த நாளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிலக்கடலைக்கோ உளுந்துக்கோ உரிய ரைசோபியம் பொட்டலத்தை வாங்கினீர்களா? கொண்டைக்கடலைக்கு அதற்கே உரிய இனம் வேண்டும். உளுந்தின் ரைசோபியம் இதன் வேரில் முடிச்சு போடாது. பொட்டலத்தின் காலாவதித் தேதி கடந்திருந்ததா? கடையில் பூச்சிமருந்து அலமாரியில், வெயில்படும் இடத்தில் கிடந்ததா? பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையில் அன்றைக்கே ரைசோபியத்தையும் கலந்தீர்களா? நேர்த்தி செய்த விதையை வெயிலில் உலர்த்தினீர்களா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் காரணம் கிடைத்துவிட்டது.

சரியான வரிசை இது. ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி கலப்பதானால் அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் விட வேண்டும். பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தையும், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் குழைத்து விதையில் படரவிட்டு, நிழலில் அரைமணி உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். எக்டர் விதைக்கு ரைசோபியம் 600 கிராம், அதாவது 200 கிராம் பொட்டலம் மூன்று. டிரைகோடெர்மா மட்டும் பயன்படுத்துவோருக்கு இந்த மருந்துச் சிக்கலே இல்லை. அதையே நான் பரிந்துரைப்பேன். கடலையே பயிரிடாத புது நிலம் என்றால் ரைசோபியத்தை விதையில் மட்டுமல்லாமல் எருவில் கலந்து மண்ணிலும் இடுங்கள்.

இன்னொரு காரணம் எருவோடு தொடர்புடையது. இந்த வட்டாரத்தில் மக்காச்சோளத்துக்குப் பின் கடலை விதைப்பவர்கள் நிறைய. காய்ந்த தட்டையை அப்படியே மடக்கி உழுது, அடுத்த வாரமே விதைத்தால் முதல் மாதத்தில் பயிர் வெளிறுவது உறுதி. தட்டையில் கரி (கார்பன்) மிகுதி, தழைச்சத்து குறைவு. இரண்டும் 60-க்கு 1 என்ற அளவில் இருக்கும். மக்கிய எருவில் 20-க்கு 1 அளவுதான். தட்டையை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. முடிச்சு வராத இளம் செடி பட்டினி கிடக்கிறது. அடியுரமாக அந்த 5 கிலோ தழைச்சத்தைக் கொடுக்கச் சொல்வது இந்த இடைக்காலத்துக்காகத்தான். ஏக்கருக்கு 11 கிலோ யூரியாவில் அது வந்துவிடும். "கடலை தானே தழைச்சத்தைத் தயாரித்துக்கொள்ளும்" என்று அதையும் நிறுத்திவிடுவது, கைக்குழந்தையைச் சமைத்துச் சாப்பிடச் சொல்வது போன்றது.

இப்போதைக்கு என்ன செய்வது? முடிச்சில்லாத பயிருக்கு 2 சத யூரியாக் கரைசலை, அதாவது 200 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ, மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மண்ணில் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் அரும்பும் முடிச்சும் நின்றுபோகும்; கையில் கிடைக்கும் தழைச்சத்தை விட்டுவிட்டு முடிச்சுக்குச் சர்க்கரை செலவழிக்கச் செடிக்குத் தேவை இருக்காது.

நுனி இலைகள் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில், அதிலும் மழையோ பாசனமோ ஆன பிறகு சில நாள் ஈரம் தேங்கும் இடங்களில், திட்டாகத் தெரியும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கரையவிடுவதில்லை. இதற்கு யூரியா வீண், டி.ஏ.பி.யும் வீண். வயல் காய்ந்து காற்றோட்டம் வந்ததும் பல சமயம் தானாகவே பச்சை திரும்பும். திரும்பாவிட்டால் 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 200 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்துத் தெளியுங்கள்; ஒரு வாரம் பத்து நாளில் மறுமுறை. கரைசல் துருநிறமாக மாறிவிட்டால் பயனில்லை, கலக்கிய உடனே தெளிக்க வேண்டும். நெடுநாள் தீர்வு எருதான். மக்கிய எருவிலுள்ள கரிமப் பொருள்கள் இரும்பைப் பிடித்து, வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் வைத்திருக்கின்றன. எருவே காணாத காடுகளில் இந்த மஞ்சள் ஆண்டுதோறும் திரும்ப வருவதற்கு இதுவே காரணம்.

நுனி இலை நரம்போடு சேர்ந்து முழுக்க வெளிறியிருந்தால் கந்தகக் குறை. டி.ஏ.பி.யை மட்டும் நம்பி, சூப்பர் பாஸ்பேட்டை விட்டுவிட்ட வயல்களில் இதைப் பார்க்கலாம். டி.ஏ.பி.யில் 18 சதம் தழையும் 46 சதம் மணியும் உண்டு, கந்தகம் இல்லை. சூப்பரில் 16 சதம் மணியோடு 11 சதம் கந்தகம் சேர்ந்து வருகிறது. டி.ஏ.பி.தான் கிடைத்தது என்றால் ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ ஜிப்சத்தை அடியுரத்தோடு சேர்த்துவிடுங்கள்.

செடி குட்டை, இலை சிறுத்துக் கரும்பச்சை, தண்டில் செந்நீலம் ஓடுகிறது

மணிச்சத்துக் குறை. முடிச்சும் எண்ணிக்கையில் குறைந்திருக்கும். "சூப்பர் போட்டேனே, பிறகும் எப்படி?" என்பதுதான் வழக்கமான கேள்வி. வீசி விதைப்பது போல் மேலே தூவியிருப்பீர்கள். மணிச்சத்து மண்ணில் நகராது. விழுந்த இடத்திலேயே கரிசலின் சுண்ணாம்போடு பிணைந்து இறுகிவிடும். மேல்மண் காய்ந்த பின் வேர் அங்கே உணவெடுப்பதும் இல்லை. கடலையின் வேர் தானே அமிலம் சுரந்து கட்டுண்ட மணிச்சத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும் திறமை உள்ளது. அதிகாலையில் இலைகளைத் தடவிய விரலை நாக்கில் வைத்தால் புளிப்பது இலைகள் சுரக்கும் அமிலம். வேரும் தன் பங்குக்கு மண்ணில் அதே வேலையைச் செய்கிறது. ஆனாலும் அந்தத் திறமைக்கு ஓர் எல்லை உண்டு.

எருவும் ரசாயன உரமும் கைகோப்பதன் முழுப் பலனையும் காண வேண்டிய இடம் இதுதான். வழி, ஊட்டமேற்றிய தொழு உரம். பல்கலைக்கழகத்தின் கணக்கு எக்டருக்கு 750 கிலோ. ஏக்கருக்கு 300 கிலோ. ஏக்கருக்கு 5 டன் எரு கிடைக்காத மானாவாரி விவசாயிக்கு இது பெரிய கொடை.

நன்கு மக்கிய, சலித்த எரு 300 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரி ஏக்கருக்கான 10 கிலோ மணிச்சத்துக்கு 62 கிலோ சூப்பர் பாஸ்பேட் வேண்டும். மரநிழலிலோ கொட்டகையிலோ எருவை ஒரு சாண் உயரம் பரப்பி, மேலே சூப்பரைத் தூவி, மறுபடி எரு, மறுபடி சூப்பர் என அடுக்குங்கள். தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். ஈரம் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கையே அளவுகோல்: ஒரு பிடியை இறுக்கினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. குவித்து, மேலே சேற்றுமண் பூசி ஒரு மாதம் மூடிவையுங்கள். புரட்டாசிக் கடைசியில் கட்டினால் விதைப்புக்குத் தயாராகிவிடும். இந்தக் குவியலில் சாம்பலோ சுண்ணாம்போ சேர்க்கக் கூடாது; சூப்பரின் மணிச்சத்து மறுபடி கட்டுப்பட்டுவிடும். யூரியாவும் இதற்குள் வேண்டாம்; தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். அதை விதைப்பன்று தனியாக இட்டுக்கொள்ளுங்கள்.

விதைக்கும்போது இந்த உரத்தைச் சாலிலேயே இடலாம். மணிச்சத்தைக் கரிமப் பொருள் போர்த்தியிருப்பதால் சுண்ணாம்போடு சேர்வது தாமதமாகிறது; வேர் வளரும் தடத்திலேயே அது காத்திருக்கிறது. பாஸ்போபாக்டீரியா விதைநேர்த்தியும் சேர்ந்தால் மண்ணில் ஏற்கெனவே கட்டுண்டு கிடப்பதிலும் கொஞ்சம் விடுபடும்.

நின்ற பயிரில் இந்தக் குறை தெரிந்தால் மண்ணில் இட்டுப் பயனில்லை. கீழே சொல்லும் 2 சத டி.ஏ.பி. தெளிப்பை முன்கூட்டியே தொடங்குங்கள், பாதியாவது மீளும்.

நடு இலைகள் துருப்பிடித்தாற்போலச் செம்பழுப்பாக மாறினால் துத்தநாகக் குறையைச் சந்தேகியுங்கள். அடியுரத்தில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போதும். அதை டி.ஏ.பி.யோடும் சூப்பரோடும் கலக்காமல், எருவோடு கலந்து இட வேண்டும்.

செடி பச்சைப்பசேலென்று புதராக வளர்கிறது. பூவும் காயும் குறைவு

பார்க்க அழகான வயல், அளக்கும்போது ஏமாற்றம். காரணம் தழைச்சத்தோ தண்ணீரோ மிகை. இந்தப் பகுதியில் முதலில் கேட்க வேண்டியது கோழி எருவைப் பற்றி. பல்லடம், உடுமலை பக்கம் கோழிப்பண்ணைகள் நிறைய; லோடு எளிதாகக் கிடைக்கிறது; மாட்டு எருவின் இடத்தில் அதை அடித்துவிடுகிறார்கள். மாட்டுத் தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதம்தான். கோழி எருவில் 2 முதல் 3 சதம். ஒரு டன் கோழி எரு ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்தைக் கொண்டுவருகிறது. இறவைக் கடலைக்கே நாம் கொடுக்க நினைப்பது 10 கிலோ. அதுவும் சாண எருவைப் போல மெதுவாக விடாது, சீக்கிரமே விட்டுவிடும். "இயற்கை உரம்தானே" என்று அதன் மேல் வழக்கமான யூரியாவையும் போட்டால் முடிச்சு சோம்பிவிடும், செடி தழைத்துக்கொண்டே போகும், காய்ப்புழுவும் அந்தத் தழைப்பைத் தேடி வரும். கோழி எருவை முந்தைய மக்காச்சோளத்துக்குப் போடுங்கள். அதன் மிச்சத்தில் கடலை விளையட்டும். அந்த நிலத்தில் கடலைக்கு யூரியாவையும் நிறுத்திவிடலாம். மணிச்சத்தும் கந்தகமும் மட்டும் போதும்.

நின்ற பயிருக்கு மருந்து, நுனி கிள்ளுதல். விதைத்த 30 முதல் 40 நாளில் நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடித்துப் பூப்பிடம் பெருகும். கிள்ளிய கொழுந்தைக் கீரையாகவும் சமைக்கலாம். பூ தொடங்கிய பின் கிள்ளாதீர்கள். இறவையாக இருந்தால் தண்ணீரை இழுத்துப் பிடியுங்கள். பூக்கும் போதும் காய் பிடிக்கும் போதும் ஒவ்வொரு நனைப்பு, அவ்வளவுதான்.

பூ உதிர்கிறது, காய் பிடித்தும் உள்ளே பருப்பில்லை

நாளைப் பாருங்கள். மார்கழியில் விதைத்த பயிர் மாசி வெயிலில் பூக்கும். 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெடும். அதற்கு எந்த உரமும் ஈடாகாது. விதைப்பு ஐப்பசிக் கடைசி, கார்த்திகை முதலில் முடிந்திருக்க வேண்டும்.

நாள் சரியாக இருந்தும் உதிர்ந்தால், ஈரமும் ஊட்டமும் ஒரே நேரத்தில் குறைகின்றன என்று பொருள். காய் பிடிக்கும் சமயத்தில் முடிச்சின் வேலை தளரும். மானாவாரிக் கரிசலில் மேல்மண் அப்போது வெடித்துக் கிடக்கும். மண்ணில் என்ன இருந்தாலும் வேருக்கு எட்டாது. இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முந்தைய இரவே 10 லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் துணியில் வடித்து, 200 லிட்டராக்கி, மாலை வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். அடிவண்டலைச் சேர்த்தால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். பூ தொடங்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று. இதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் 'பயறு ஒண்டர்' என்ற ஊட்டக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ என்ற அளவில் பூக்கும் பருவத்தில் தெளிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டிய தேவை இல்லை.

பஞ்சகவ்யா 3 சதம் தெளிப்பவர்கள் தாராளமாகத் தெளிக்கலாம். ஆனால் அதை டி.ஏ.பி.க்கு மாற்றாக மணிச்சத்துக் கணக்கில் எழுதாதீர்கள்; அதில் உள்ள ஊட்டத்தின் அளவு மிகச் சிறிது.

செடிகள் அங்கங்கே வாடிக் காய்கின்றன

உரக்கடைக்குப் போகும் முன் தண்டை நெடுக்கே பிளந்து பாருங்கள். நடுவில் கரும்பழுப்புக் கோடு ஓடினால் வாடல் நோய். ஆணிவேர் கறுத்து, பக்கவேர் உதிர்ந்து, வளைத்தால் படக்கென ஒடிந்தால் வேரழுகல். வெயில் ஏறி மண் காய்ந்த காலத்தில் இது வரும். இரண்டுக்கும் உரம் மருந்தாகாது. வாடல் பூஞ்சாணம் கடலையே இல்லாமலும் மண்ணில் 6 ஆண்டுகள் வரை தங்கும். அந்த நிலத்தில் சோளம், மக்காச்சோளம் என மாற்றுங்கள். கடலைக்குத் திரும்பும்போது எதிர்ப்புத் திறனுள்ள ரகமும், டிரைகோடெர்மா கலந்த மக்கிய எருவும் துணை. வாடிய செடிக்குப் பொட்டாஷும் யூரியாவும் வாங்கி ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பணம் திரும்ப வராது.

விளைச்சல் வந்தது, கையில் காசு நிற்கவில்லை

இதுவும் ஒரு நோய்க்குறிதான், இதற்கும் வேர் உண்டு. ஒவ்வொரு செலவையும் கடலைக் கிலோவாக மாற்றிப் பாருங்கள். 2025-26 ராபி விற்பனைப் பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,650 ரூபாயாக இருந்தது. கிலோ 56 ரூபாய் 50 காசு. அப்போது 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். ஒரு தெளிப்புக்கான 4 கிலோ 108 ரூபாய். இரண்டு கிலோ கடலைக்கும் குறைவு. தெளிப்புக் கூலியைச் சேர்த்தாலும் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து கிலோ கூடுதல் விளைச்சலில் செலவு மீண்டுவிடும். ரைசோபியம் பொட்டலம் இதையும் விட மலிவு. மறுபக்கம், 1,000 ரூபாய்க்கு எந்தப் பாட்டிலை வாங்கினாலும் அது 18 கிலோ கடலையைக் கூடுதலாகத் தந்தாக வேண்டும். அதற்கு உறுதி சொல்லும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

செலவில் பெரியது எரு. விலைக்கு வாங்கி ஏக்கருக்கு 5 டன் அடித்துவிட்டு, ஏற்றுகூலி இறக்குகூலி எல்லாவற்றையும் ஒரே கடலைப் பயிரின் தலையில் எழுதினால் கணக்கு நட்டம்தான் காட்டும். சாண எருவின் தழைச்சத்து முதல் பருவத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பயிர்களுக்குப் போகிறது. செலவையும் அப்படியே இரண்டு மூன்று பருவத்துக்குப் பிரித்து எழுதுங்கள். சொந்தத் தொழுவத்து எரு இருந்தால் 5 டன்; வாங்கித்தான் போட வேண்டும் என்றால் மானாவாரிக்கு ஊட்டமேற்றிய 300 கிலோவே என் தேர்வு. எரு போட்டதற்காக ரசாயன உரத்தையும் குறைக்கலாமா என்றால், சூப்பரை முதல் ஆண்டே குறைக்காதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு எரு தொடர்ந்து விழுந்த நிலத்தில் மண் பரிசோதனை செய்து, மணிச்சத்து உயர்ந்திருந்தால் குறையுங்கள்.

இதில் எது உங்கள் காட்டில் காசு தருகிறது என்பதைக் கண்டுபிடிக்க அடுத்த விதைப்பிலேயே ஓர் ஏற்பாடு செய்யுங்கள். வயலின் நடுவில், ஓரமில்லாத இடத்தில், ஒரே நீளமுள்ள மூன்று பட்டைகளைக் குச்சி நட்டுப் பிரியுங்கள். ஒன்றில் எரு மட்டும், ஒன்றில் ரசாயன உரம் மட்டும், ஒன்றில் இரண்டும். விதை, விதைநேர்த்தி, நனைப்பு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். அறுவடையில் மூன்றையும் தனித்தனிச் சாக்கில் அடித்து, காயவைத்து, ஒரே தராசில் நிறுத்து, செலவோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.